பாதம் வெட்டுப்பட்ட படம்

அந்தப் படத்துக்கு 'வணக்கம்' என்று பெயர் வைத்திருந்தேன். சேலம் அரசு அருங்காட்சியகத்தில் ஓர் அம்மன் கற்சிலைக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். தலை தாழ்ந்திருக்கிறது, இடக்கை தரையில் ஊன்றியிருக்கிறது. சன்னல் வெளிச்சம் முதுகில் விழுந்து சட்டையின் மடிப்புகளை வரிவரியாக எடுத்துக் காட்டுகிறது. சிலையின் இடுப்பும் கையும் அவருக்கு மேலே மங்கலாகத் தெரிகின்றன. பார்த்தவர்கள் அத்தனை பேரும் பக்தியைப் பற்றியே பேசினார்கள். என் பெரியம்மா படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் அதை ஒரு வழிபாட்டுப் படம் என்றே நம்பியிருந்தேன்.

எடுத்த அன்றே அவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பதாகச் சொல்லி, வழியும் சொல்லியிருந்தார். மூன்று வாரம் கழித்து ஒரு பிரதியை உறையில் போட்டுக்கொண்டு போனேன். பட்டறை என்றால் ஒரு சிறிய அறை. நான்கு பேர் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, படத்தை ஓரத்தில் மட்டும் பிடித்து வாங்கி, குழல் விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தின் கீழ் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"கால் எங்கே, கண்ணு?" என்றார்.

"எந்தக் கால், ஐயா?"

"அம்மன் கால். நான் பார்த்தது அதைத்தானே? நீ வெட்டிவிட்டாய்."

அவர் கும்பிடவே இல்லை. சிலையின் காலில் செதுக்கியிருந்த அணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள், நடுவே முத்துக் கோத்தது போல ஒரு வரிசை. "நாங்கள் கொலுசுக்குத் திருகு வைக்கிறோம். மாட்டவும் கழற்றவும் ஒரு வாய் வேண்டும் அல்லவா? இதில் அந்த வாய் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் இல்லை. பின்பக்கம் இருக்க வேண்டும். பின்பக்கம் சுவர்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. படத்தைக் குறை சொல்கிறோமே என்ற தயக்கமும் இருந்தது. "படம் நன்றாகத்தான் இருக்கிறது, வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறது போல இருக்கிறது" என்று முடித்தார்.

வெளியே வந்து பஸ் ஏறாமல் பழைய பேருந்து நிலையம் வரைக்கும் நடந்தேன். அருங்காட்சியகப் பொருள்களைப் பார்க்க வருபவர்களைப் படம் எடுக்க எட்டு மாதமாக அந்த அறைக்குப் போகிறேன். அந்தச் சிலையை எத்தனையோ முறை ஃப்ரேமுக்குள் வைத்திருக்கிறேன். அதன் காலில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவர் இரண்டு நிமிடம் பார்த்ததை நான் எட்டு மாதமாகப் பார்க்கவில்லை. அந்த நடையில்தான் என் வேலையின் அடிப்படைப் பிழை எனக்குப் பிடிபட்டது. இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதற்காகவே.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரி அல்ல. அஸ்தம்பட்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு ஒன்றுதான் எனக்கு விடுமுறை. அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளி என்பதால் ஞாயிறு திறந்திருக்கும். முதல் நாள் கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு காப்பாட்சியரைப் பார்த்தேன். எதற்காக எடுக்கிறேன், எதை எடுக்கமாட்டேன் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்: ஃபிளாஷ் கிடையாது, முக்காலி கிடையாது, பார்வையாளரைக் கேட்காமல் எந்தப் படத்தையும் வைத்துக்கொள்ளமாட்டேன். இந்த மூன்று வரிகள்தான் எனக்குக் கதவைத் திறந்தன. கேமராக் கட்டணம் கட்டிவிட்டோம், இனி எதையும் எடுக்கலாம் என்று நினைப்பது தவறு. சிலையை எடுக்கத்தான் அந்தக் கட்டணம். பார்க்க வந்த மனிதரை எடுப்பதற்கு அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்பதில் எனக்கு ஒரு முறை பழகியிருக்கிறது. முன்னால் கேட்டால் அவர்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டு எனக்காக நிற்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் பெரியவர்களை எடுத்த உடனேயே அருகே போய்ப் படத்தைக் காட்டுகிறேன். வேண்டாம் என்றால் அவர்கள் கண்முன்னே அழிக்கிறேன். குழந்தைகள் என்றால் எடுப்பதற்கு முன்பே பெற்றோரிடம் கேட்பேன், இதில் விதிவிலக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வகையினரை மட்டும் எடுப்பதே இல்லை. கல்லூரி வயதில் ஒரு பையனும் பெண்ணும் வந்து, எந்தப் பொருளையும் பார்க்காமல், ஓர் ஓரமாக நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். வெளிச்சம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கேமராவை இறக்கிவிடுவேன். நம் ஊரில் ஒரு படம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டு மாதம் நான் பட்ட பாடு முழுவதும் அதில்தான். அருங்காட்சியகத்தில் இருட்டாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஓலைச்சுவடி, துணி, காகிதம் போன்றவை வெளிச்சத்தால் வெளிறிப்போகும். அவற்றின் மீது விழும் ஒளி 50 லக்ஸைத் தாண்டக் கூடாது என்பது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு. நம் வீட்டுக் கூடத்தின் இரவு வெளிச்சத்தைவிடக் குறைவு அது. கல்லுக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே நல்ல வெளிச்சம் பெரும்பாலும் கற்சிலைகளின் பக்கம்தான் கிடைக்கும். என் வேலையும் அங்கேதான் குவிந்தது.

என்னிடம் இருப்பது பழைய நிக்கான் கேமராவும் 35 மி.மீ. லென்ஸும். ஆரம்பத்தில் அசைவைப் பிடிக்க வேண்டும் என்று 1/250 நொடி வைத்து எடுத்தேன். ஒரே இடத்தில் அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களில் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று பச்சையாகவும் ஒன்று இருட்டாகவும் வந்தன. கேமரா பழுது என்றே நினைத்தேன். பழுது விளக்கில் இருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய வகைக் குழல் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. 1/250 நொடியில் எடுத்தால் அந்த ஏற்ற இறக்கத்தின் ஏதோ ஒரு துண்டுதான் மாட்டும். 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் ஒரு முழு ஏற்ற இறக்கமாவது உள்ளே வந்துவிடும், நிறம் நிலைத்துவிடும். அன்றிலிருந்து நான் 1/100 தான். நின்று பார்ப்பவரை எடுக்க அது தாராளம். நடப்பவர் கலங்கி வருவார், வரட்டும். நிற்பவரைத்தானே நான் தேடுகிறேன்.

அடுத்தது கூர்மை. இருட்டுக்குப் பயந்து லென்ஸை அகலமாகத் திறந்து, எஃப் 2 திறப்பில் எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த லென்ஸில் இரண்டு மீட்டர் தூரத்தில் அப்படி எடுத்தால் ஏறத்தாழ 40 செ.மீ. ஆழத்துக்குத்தான் தெளிவு இருக்கும். ஆளின் காது தெளிவாக இருக்கும், அவர் பார்க்கும் சிலை பஞ்சு போலக் கரைந்துவிடும். அந்தக் கரைசல் எனக்கு அழகாகப் பட்டது என்பதுதான் சங்கடம். எஃப் 5.6 என்று மூடினால் அந்த ஆழம் ஒரு மீட்டரைத் தாண்டுகிறது, ஆளும் பொருளும் இரண்டுமே நிற்கின்றன. அதற்கு விலை, கேமராவின் ஒளி உணர்வை ஐ.எஸ்.ஓ. 6400 வரை ஏற்றுவதும் படத்தில் மணல்மணலாக வரும் புள்ளிகளும். கொடுக்கத் தகுந்த விலைதான். புள்ளி இருக்கும் படத்தில் பார்வையாளர் எதைப் பார்க்கிறார் என்று தெரிகிறது.

கண்ணாடிப் பேழைகளுக்கு போலரைசர் ஃபில்டர் வாங்கினேன். கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றால் அது ஒன்றும் செய்வதில்லை. நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 55 பாகை சாய்ந்து நின்றால்தான் பிரதிபலிப்பை நன்றாக விழுங்குகிறது. கூடவே ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப், அதாவது பாதிக்கு மேல், வெளிச்சத்தையும் விழுங்குகிறது. அந்த இருட்டில் அது கட்டுப்படியாகாது. இப்போது கறுப்புச் சுடிதார் அணிந்துபோகிறேன், என் உருவம் கண்ணாடியில் விழுவதில்லை. சில சமயம் பிரதிபலிப்பையே வேண்டும் என்று வைத்துக்கொள்வதும் உண்டு: பேழைக்குள் இருக்கும் பழைய காசின் மேல் எட்டிப் பார்க்கும் குழந்தையின் முகம் மிதப்பது, கண்ணாடி இல்லாவிட்டால் கிடைக்காது.

ஆனால் இதெல்லாம் கைக்குப் பழகும் விஷயங்கள். கண்ணுக்கு வரவேண்டியது வேறு. அதைப் பிறர் சொல்லித்தான் கற்றேன்.

எனக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஸ்டுடியோக்காரர். ஃபிலிம் காலத்திலிருந்து கல்யாணப் படம் எடுத்தவர், அண்ணா என்றே கூப்பிடுவேன். கருத்துக் கேட்பது எப்படி என்பதையும் அவரிடம்தான் கற்றேன். முதல் முறை நான் செல்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டியபடி ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னேன். அவர் செல்பேசியைத் திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டார். "பிரிண்ட் போட்டுக்கொண்டு வா. வந்து பேசாமல் உட்கார்" என்றார்.

4×6 அங்குலத்தில் முப்பது படங்கள் போட்டுக்கொண்டு போனேன். அவற்றை மேசையில் பரப்பிவிட்டு, டீ சொல்லிவிட்டு, வேறு வேலை பார்த்தார். கடைக்கு வந்தவர்கள், பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்தவர்கள், பக்கத்துக் கடைப் பையன் எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் அவர் கேட்டது 'எப்படி இருக்கிறது' என்று அல்ல. 'இதில் என்ன நடக்கிறது?' என்று மட்டும் கேட்டார். 'எப்படி இருக்கிறது' என்று கேட்டால் நம் ஊரில் யாரும் நன்றாக இல்லை என்று சொல்லமாட்டார்கள், முகத்துக்கு நேரே குறை சொல்வது பண்பில்லை. 'என்ன நடக்கிறது' என்று கேட்டால் பார்த்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

சொன்னார்கள். "ஒரு அம்மா சுவரைப் பார்க்கிறார்." "யாரோ டிக்கெட் வாங்க நிற்கிறார்கள்." "இவர் எதையோ தொலைத்துவிட்டார்." முப்பதில் இருபதுக்கு மேல் இப்படித்தான். எனக்கு அந்தச் சுவரில் ஒரு நடுகல் இருப்பது தெரியும், நான் அங்கே நின்றேன். படத்துக்கு அது தெரியவில்லை. வாயைத் திறந்து விளக்கிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. அண்ணா என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிக்கொண்டேன். நான் கூடவே போய் விளக்க முடியாத இடத்துக்கெல்லாம் படம் தனியாகப் போகப்போகிறது. அங்கே அதற்கு வாய் இருக்க வேண்டும்.

கடைசியில் அவர் இரண்டு 'ட' வடிவ அட்டைகளை எடுத்து ஒவ்வொரு படத்தின் மீதும் வைத்து நகர்த்தினார். முதுகு, தலை, கூந்தல் என்று ஆளை வெட்டிக்கொண்டே போய்ப் பொருளை மட்டும் விட்டார். "இது என்ன?" என்றார். கல் என்றேன். "என்ன கல்?" நடுகல். "யாருக்கு?" தெரியாது. "அவர் கையில் என்ன இருக்கிறது?" அதுவும் எனக்குத் தெரியவில்லை. அன்று அதை ஒரு பெரியவரின் கண்டிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டேன். கொலுசுப் பட்டறைக்குப் போய் வந்த பிறகுதான் அண்ணா கேட்டதும் அவர் கேட்டதும் ஒரே கேள்வி என்று புரிந்தது.

இதே வேலையை உலகில் பெரிதாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் தாமஸ் ஸ்ட்ரூத் 1989 முதல் பாரிஸின் லூவர் போன்ற இடங்களில் ஓவியங்களுக்கு முன் நிற்பவர்களை எடுத்தார். அவர் படங்களைப் பார்த்துத்தான் முதுகுப்பக்கத்திலிருந்து எடுக்கும் பழக்கம் எனக்கு வந்தது. அவற்றை மறுபடியும் எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: அவற்றில் ஓவியமும் முழுமையாகத் தெரிகிறது, ஆட்களுக்கு இணையாக. நான் முதுகை மட்டும் எடுத்துக்கொண்டு ஓவியத்தை விட்டுவிட்டேன். இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. அங்கே மக்கள் நின்று பார்க்கிறார்கள். நம்மவர்கள் பார்ப்பதோடு நிற்பதில்லை. சாமி சிலை என்று கண்டால் செருப்பைக் கழற்றுகிறார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், பீடத்தில் ஒரு ரூபாய் வைக்கிறார்கள், பூ கொண்டுவந்திருந்தால் ஓர் இணுக்கு கிள்ளி வைக்கிறார்கள். வாளைக் கண்டால் பையன்கள் கையை ஓங்கி நிற்கிறார்கள். உடம்பு முழுவதும் பார்க்கிறது. அதனால் இங்கே தலையையும் தோளையும் மட்டும் எடுத்தால் பாதிப் பார்வைதான் கிடைக்கும். கை, கால், கழற்றி வைத்த செருப்பு எல்லாம் உள்ளே வர வேண்டும்.

பட்டறைக்குப் போய் வந்த அடுத்த நான்கு ஞாயிறும் கேமராவை எடுக்கவில்லை. நோட்டு ஒன்றுடன் போய் ஒவ்வொரு பொருளாகப் பார்த்தேன். அங்கே ஒரு பணியாளர் இருக்கிறார், எந்தப் பொருளிடம் யார் நிற்பார்கள் என்று அவருக்கு அத்துப்படி. "மேடம், அங்கே நிற்காதீர்கள், அதை யாரும் பார்க்கமாட்டார்கள். வயதானவர்கள் இந்தக் கல்லிடம் வருவார்கள்" என்று நடுகல்லைக் காட்டினார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை அழைத்துப்போனேன். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி முழுக்க நடுகற்கள் நிறைந்தது, ஆநிரை மீட்டு இறந்தவனுக்கும் புலியோடு போரிட்டு இறந்தவனுக்கும் கல் எடுத்தார்கள், புலிக்குத்திப்பட்டான் கல் என்றே அதற்குப் பெயர் என்று சொல்லிக்கொண்டு வந்தார். தொல்காப்பியம் நடுகல் எடுப்பதை ஆறு துறையாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். உரிய கல்லைத் தேடிக் காண்பதுதான் முதல் துறை. "கல்லைப் பார்ப்பதற்கே ஒரு துறை ஒதுக்கியிருக்கிறார்கள் அம்மா" என்று அவர் சொன்னபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

புடைப்புச் சிற்பம் நேர் வெளிச்சத்தில் தட்டையாகப் போய்விடும். பக்கவாட்டிலிருந்து சாய்ந்து வரும் வெளிச்சத்தில்தான் அம்பும் வாளும் மேலெழும். எந்த மணிக்குச் சன்னல் வெளிச்சம் எந்தக் கல்லின்மேல் சாய்கிறது என்று நோட்டில் குறித்தேன். அதன்பிறகு அந்த மணிக்கு அந்தக் கல்லருகே போய் உட்கார்ந்தால் போதும், ஆள் தானாக வருவார். முன்பு ஆளைத் தேடி அறை அறையாக அலைந்துகொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு இருநூறு படம் எடுத்த இடத்தில் இப்போது இருபது எடுக்கிறேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் சேர்வராயன் மலையிலிருந்து வந்த பாட்டியை எடுத்தேன். பேத்தியை ஆஸ்பத்திரியில் காட்ட மகனுடன் சேலம் இறங்கியவர், நேரம் இருக்கிறதே என்று உள்ளே வந்திருக்கிறார். நடுகல்லுக்கு முன் நின்றுவிட்டார். சன்னல் வெளிச்சம் கல்லின்மேல் மட்டும் விழுந்ததால் அவர் உருவம் முழுக்க இருட்டாகவும் கல் மட்டும் ஒளியோடும் வந்தது. இந்த முறை கல்லில் இருந்த வீரனின் கால்வரைக்கும் ஃப்ரேமுக்குள் இருந்தது. அண்ணா முதன்முறையாக ஒரு படத்தைத் தனியே எடுத்து வைத்தார். "நிற்கிறது" என்ற ஒரே சொல். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பிரதி கொடுக்க ஏற்காடு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரிப் பக்கம் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து அவர்கள் ஊர் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. மலையாளி என்ற பழங்குடி மக்கள் வாழும் சிறிய ஊர், காப்பித் தோட்டத்தின் ஓரம். பாட்டி படத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மகனிடம் கொடுத்தார்.

"என் முகம் எங்கே, சாமி?"

நான் அழகைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் மென்மையாகச் சொன்னார்: "கறுப்பாக நிழல் மாதிரி இருக்கிறது. இதை வீட்டில் வைத்தால் போய்ச் சேர்ந்தவளை வைத்த மாதிரி ஆகும்."

சேலத்தில் எல்லாரும் பாராட்டிய இருட்டு, அவர் வீட்டுச் சுவரில் வேறு பொருள் தருகிறது. இரண்டுமே உண்மையான கருத்துகள்தான். அண்ணா படத்தைப் பார்த்தார், பாட்டி தன்னைப் பார்த்தார். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை என்று அன்று முடிவெடுத்தேன். ஆனால் அவர் கைக்குப் போகும் படம் அவர் வைத்துக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இப்போது நான் எடுக்கும் ஒவ்வொருவரிடமும், விரும்பினால், முகத்தில் வெளிச்சம் விழ இன்னொரு படமும் எடுத்துக்கொள்கிறேன். அது அவர்களுக்கு. அந்தப் பாட்டியையும் வாசலில், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்காரவைத்து எடுத்தேன். இருட்டுப் படத்தை அவர் ஒப்புதலோடு நானே வைத்துக்கொண்டேன். யாருக்குக் காட்டினாலும் ஊரையும் பெயரையும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன்: அந்தக் கல்லில் என்ன பார்த்தீர்கள், பாட்டி? பதில் சொல்லாமல் என்னை ஊர் ஓரத்துப் பிள்ளையாரிடம் அழைத்துப்போனார். பிள்ளையாருக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவில் வழவழப்பான கறுங்கற்கள் நான்கைந்து, மஞ்சள் குங்குமத்தோடு. ஒரு முனை அகன்று கூர்மையாக, மறுமுனை குறுகி. புதிய கற்காலக் கோடரிகள். காட்டில் உழும்போது கிடைப்பதை இங்கே கொண்டுவந்து வைப்போம் என்றார் மகன். "அங்கே ஆள் உயரக் கல்லைச் சும்மா நிற்கவைத்திருக்கிறார்கள். ஒரு பொட்டுகூட இல்லை. யார் பெற்ற பிள்ளையோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன்" என்றார் பாட்டி.

திரும்பி வரும் வழியில் ஏற்காடு டிரினிட்டி தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஏற்காட்டில் வாழ்ந்தவர். 1912-இல் கல்கத்தாவில் இறந்தார், அஸ்தி இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டது. இந்த மலையின் கற்கோடரிகளையும் அவர் சேகரித்தார். அவருடைய சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் வாங்கியது. ஒரே வகைக் கல், எழும்பூரில் பேழைக்குள்ளும் இங்கே குங்குமத்தோடும் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு, பாட்டியின் படத்தை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. அவர் தோள் சற்றுச் சாய்ந்திருப்பது வயதினால் என்று நினைத்திருந்தேன்.

பள்ளிக் குழந்தைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வரிசையில் வந்து வரிசையில் போகிறார்கள். ஆசிரியர் அனுமதித்த ஒரு நாள், முழங்காலிட்டு அவர்கள் கண் உயரத்திலிருந்து எடுத்தேன். பேழையின் விளிம்பு அவர்கள் மூக்கு வரைக்கும் வருகிறது என்பதும், உள்ளே இருக்கும் காசுகள் அவர்களுக்குத் தெரியவே இல்லை என்பதும் அப்போது தெரிந்தது. அந்தப் படத்தைக் காப்பாட்சியரிடம் கொடுத்தேன். குறையாகச் சொல்லவில்லை, படத்தை மட்டும் காட்டினேன். அடுத்த மாதம் அந்தப் பேழைக்குக் கீழே ஏறி நிற்க ஒரு மரப்பலகை இருந்தது. நான் எடுத்ததிலேயே மிகவும் பயன்பட்ட படம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கொலுசுக்காரரைத் திரும்பப் பார்க்காமல் இருக்க மனம் கேட்கவில்லை. அவர் இன்னொரு முறை வந்து அதே இடத்தில் உட்காரட்டும், கால் தெரிய எடுக்கிறேன் என்று கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி எடுத்தால் அது நாடகம். அவர் தேடியதைத் தேடிக் கொடுப்பதே முறை என்று தோன்றியது. காப்பாட்சியரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு அனுமதித்தார், சிலையைத் தொடாமல், பணியாளர் அருகில் இருக்க. சிலைக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளிதான். கேமரா நுழையாது. செல்பேசியைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்து, பணியாளர் வெள்ளைக் காகிதம் ஒன்றைப் பிடித்துச் சன்னல் வெளிச்சத்தைத் திருப்பிவிட, பத்துப் பன்னிரண்டு எடுத்தேன். ஒன்று தெளிவாக வந்தது. கணுக்காலைச் சுற்றி வளையம் பின்னோக்கிப் போகிறது, ஓர் இடத்தில் சிறிய புடைப்பு தெரிகிறது, அதற்கு அப்பால் நிழல்.

அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு செவ்வாய்ப்பேட்டை போனேன். அவர் வேலைக்கு வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு படத்தின் மீது குனிந்தார். வேலை செய்துகொண்டிருந்த மூவரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். புடைப்பை ஊசிமுனையால் தொடாமல் சுட்டிக்காட்டி அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வாய்தான் என்றார் ஒருவர், முத்தின் தேய்மானம் என்றார் இன்னொருவர். பழைய படம், 'வணக்கம்', ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு இதை அங்கே மாட்டச் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பி, கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: "இன்னும் அரை விரல் பின்னால் போயிருக்க வேண்டும், கண்ணு."

ஞாயிற்றுக்கிழமைக்கு மறுபடியும் அனுமதி கேட்டிருக்கிறேன். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு சிறிய துண்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.